அலியின் கால்களைப் பார்த்தவர்

கோவை காந்திபுரத்தில் சேலம் பஸ் பிடித்து, பவானிக்குப் போக லட்சுமி நகர் நிறுத்தத்தில் இறங்கியபோது மணி ஒன்பதரை. மாசி மாதத்து வெயில் அதற்குள் சுள்ளென்று அடித்தது. கூடுதுறைக்குப் போகும் கூட்டம் ஒரு பக்கம் இறங்கியது. எனக்குக் கோயில் அப்புறம்தான். 1980ல் சென்னையில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியை நேரில் பார்த்த ஒரு நெசவாளியைப் பார்க்க வந்திருந்தேன்.

அவருடைய பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சாயங்காலம் ஆனால் குத்துச்சண்டை பழகுகிறான். கோவையில் ஒரு போட்டியைப் பார்க்கப் போன இடத்தில் பழக்கமானோம். பேச்சுவாக்கில், "எங்க அப்பாரு அலியையே பாத்திருக்காருங்ணா" என்றான். இருபது வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கொங்கு நாட்டில் கபடி ஆட்டக்காரர் இருப்பார், சிலம்ப வாத்தியார் இருப்பார். குத்துச்சண்டை என்றால் வடசென்னைப் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். நம் ஊரில் ஒருவர் அலியைப் பார்த்திருக்கிறார் என்றால் போகாமல் இருக்க முடியுமா?

வீட்டின் முன்பகுதி முழுக்கத் தறிதான். பவானி ஜமுக்காளம் நெய்யும் குழித்தறி. பெரியவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். வயது எழுபதைத் தொடுகிறது. "வாங்க தம்பி, இந்தப் பட்டையை முடிச்சுட்டு வந்தர்றனுங்க" என்றார். சிவப்பும் பச்சையுமாகப் பட்டை வளர்ந்துகொண்டிருந்தது. நான் அவர் கைகளையே பார்த்தேன். குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி அழுத்தும் கால்களும் ஓயவில்லை என்பதைத் தறியின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மோர் வந்தது. அவரும் எழுந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு இருபத்திநாலு வயசுங்க. மெட்ராசுல ஒரு கடைக்கு ஜமுக்காளம் கொண்டுட்டுப் போறது என்ற வேலை. ராத்திரி ரயிலேறிப் போனனுங்க. சென்ட்ரல்ல இறங்குனா ஊரே அலி பேச்சு."

அந்தச் சண்டை பற்றி நான் படித்து வைத்திருந்தேன். நேரு ஸ்டேடியத்தில் அலியும் ஜிம்மி எல்லிஸும் மோதிய காட்சிப் போட்டி அது. அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். எல்லிஸ் சும்மா ஆள் இல்லை. 1968 முதல் 1970 வரை டபிள்யூ.பி.ஏ. என்ற உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர். லூயிவில் நகரத்தில் அலியோடு சேர்ந்து வளர்ந்தவர். 1971ல் ஹூஸ்டனில் அதே அலியிடம் 12வது ரவுண்டில் தோற்றவர். அப்படிப்பட்ட இரண்டு நண்பர்கள் சென்னைக்கு வந்து வெற்றி தோல்வி இல்லாமல் ஆடிக் காட்டியிருக்கிறார்கள். அலிக்கு அப்போது 38 வயது. முந்தைய வருடமே ஓய்வு பெறுவதாகச் சொல்லியிருந்தார்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் நான் கேட்டேன், "குத்து எப்படி இருந்துச்சுங்கய்யா?"

"குத்தை யாருங்க பாத்தது?" என்றார். "நான் காலைத்தானுங்க பாத்தேன்."

எனக்கு உடனே பேச்சு வரவில்லை.

"மனுசன் வயிறு போட்டிருந்தாருங்க. தூரத்துல இருந்து பாத்தாலே தெரிஞ்சுது. கையும் முன்ன மாதிரி வேகமில்லைன்னு பக்கத்துல ஒருத்தர் சொன்னாரு. எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. ஆனா அந்தக் காலு இருக்குது பாருங்க... எங்க தறியில மிதி தப்புச்சுன்னா கை என்ன பண்ணியும் பிரயோசனமில்ல. பட்டை கோணிக்கும். அவருக்கு ஒருக்காக்கூட மிதி தப்பலீங்க."

இதைச் சொல்லும்போது திண்ணையில் உட்கார்ந்தபடியே அவருடைய இரண்டு பாதங்களும் அசைந்தன. முதலில் குதிகால் எழுந்தது, பிறகு முன்பாதம் அழுந்தியது. நான் எத்தனையோ பழைய சண்டைகளை வீடியோவில் பார்த்தவன். 1974ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை அலி வீழ்த்திய எட்டாவது ரவுண்டை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அத்தனை முறையும் கையைத்தான் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு பெரியவர் கீழே இறங்கி ரிங் அருகே போயிருக்கிறார். கை குலுக்க ஆள் இல்லை, எல்லோரும் போய்விட்டார்கள். ஓரமாக நின்று தரையில் விரித்திருந்த துணியைத் தடவிப் பார்த்திருக்கிறார். "நல்ல கெட்டித் துணிங்க. ரெட்டை நூல் போட்டு நெருக்கி அடிச்சது. வேர்வை சொட்டுன இடம் ஈரமா இருந்துச்சு. அது அவரோடதா, கூட ஆடுனவரோடதா, யாருக்குங்க தெரியும்?" அவர் கையில் ஆட்டோகிராப் இல்லை, போட்டோ இல்லை. அந்தத் துணியின் நெருக்கம் மட்டும் நாற்பது வருடத்துக்கு மேலாக விரலில் இருக்கிறது.

அதே வருடம் அக்டோபரில் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸிடம் அலி பரிதாபமாகத் தோற்றார். பத்து ரவுண்டுக்குப் பிறகு அவர் தரப்பே சண்டையை நிறுத்தச் சொல்லிவிட்டது. டீக்கடையில் பேப்பரில் பார்த்ததாகப் பெரியவர் சொன்னார். அன்றைக்குத் தறியில் உட்காரவில்லையாம்.

கூடுதுறையில் கொஞ்ச நேரம் இருந்தேன். காவிரியில் தண்ணீர் குறைவு. ஈரோடு வந்து ரயில் ஏறினால் ஊத்துக்குளி தாண்டித் திருப்பூர். அதிக நேரம் ஆகாது.

பேரன் ஸ்டேஷனுக்கே வந்து காத்திருந்தான். தாத்தா கொடுத்துவிட்ட ஒரு சின்ன ஜமுக்காளம் என் கையில் இருந்தது. "மாஸ்டருக்குங்களா? குடுங்கண்ணா" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

அவனுக்குக் குத்துச்சண்டை சொல்லித் தரும் அந்த மாஸ்டரைப் பார்ப்பதுதான் எனக்கு இரண்டாவது வேலை. தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஏழு சண்டை போட்டவர். நான்கு வெற்றி, மூன்று தோல்வி. பிறந்தது வடசென்னை. பெண் எடுத்தது திருப்பூர். பகலில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. சாயங்காலம் மாடியில் பதினைந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மாடிப்படி ஏறும்போதே தொம் தொம் என்று சத்தம் கேட்டது. மேலே தகரக் கூரைக்கடியில் நான்கு பைகள் தொங்கின. ஒன்றைக் குத்திப் பார்க்கச் சொன்னார். குத்தினேன். கைக்கு இதமாக வாங்கிக்கொண்டது. "மணல் போட்டா அடியில இறங்கிக் கல்லாயிடும்ணா. மணிக்கட்டு போயிடும். இது பூரா பனியன் கட்டிங் வேஸ்ட். இந்த ஊர்ல அதுக்கா பஞ்சம்?" என்று சிரித்தார். ஏற்றுமதிக்கு வெட்டிய துணியில் மிஞ்சிய துண்டுகள் அந்தப் பைகளுக்குள் இறுகிக் கிடக்கின்றன. கையில் சுற்றும் துணிகூட அவர் மனைவி ரோலில் இருந்து நாலரை மீட்டர் நீளத்துக்கு வெட்டி ஓரம் தைத்துக் கொடுப்பதுதான். ஒரு பையனுக்கு அதைச் சுற்றிவிட்டபடியே பேசினார். முதலில் கட்டைவிரல், பிறகு மணிக்கட்டு மூன்று சுற்று, அப்புறம் முட்டிகள்.

அமெச்சூருக்கும் தொழில்முறைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். புத்தகத்தில் படித்த பதில் எனக்குத் தெரியும். ஒன்றில் மூன்று ரவுண்டு, மற்றதில் நான்கில் தொடங்கிப் பட்டச் சண்டைக்குப் பன்னிரண்டு வரை போகும். அவர் சொன்னது வேறு. "பத்து அவுன்ஸ் கிளவுஸ் போட்டுப் பழகுனவன் நான். ப்ரோவுல என் வெயிட்டுக்கு எட்டு அவுன்ஸ். கையில மாட்டுனதும் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. அப்போ எதிராளி கையிலயும் அதேதானேன்னு அப்புறம்தான் உறைச்சுது." அவர் பழகிய காலத்தில் தலைக்கவசமும் உண்டு. 2013லிருந்துதான் ஆண்களுக்கான பெரிய அமெச்சூர் போட்டிகளில் அதை எடுத்தார்கள். சின்ன வயதில் அவருக்கு எல்லாமே வி. தேவராஜன்தானாம். 1994ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய தமிழ்நாட்டுக்காரர். "நம்மாளு ஒருத்தர் ஜெயிச்சிருக்காருல்ல, அது போதும்ணா."

அடுத்து நான் கேட்டதைக் கேட்டிருக்கக் கூடாது. கடைசிச் சண்டையைப் பற்றிக் கேட்டேன். அவர் மனைவி அதுவரை படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லாமல் எழுந்து கீழே போய்விட்டார். மாஸ்டர் இடது புருவத்தைத் தொட்டார். அதன் குறுக்கே முடி முளைக்காத ஒரு கோடு. "இது கிழிஞ்சு ரத்தம் கண்ணுக்குள்ள போச்சு. ஆள் தெரியல. நிறுத்திட்டாங்க. வீட்டுக்கு வந்தா பாப்பா என்னப் பாத்துப் பயந்து அழுவுது. அதோட சரிண்ணா." ரசிகர்களாகிய நாம் சண்டைக்காரரைக் கண்டதும் தோற்ற கதையைத்தான் முதலில் தோண்டுகிறோம். நானும் அதைச் செய்தேன். இன்னும் உறுத்துகிறது.

அதற்குள் கீழே இருந்து அரிசி பருப்பு சாதம் வந்துவிட்டது. ஜமுக்காளத்தை விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். "ஏனுங்க, நெய் போதுங்களா?" என்று அந்த அம்மா என்னையே முதலில் கேட்டார்கள். போதும் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பேரன் தாத்தாவுக்கு போன் போட்டான். மாஸ்டரிடம் கொடுத்தான். அவர் காதில் வைத்தவர் வெகுநேரம் பேசவே இல்லை. "சரிங்க ஐயா... ஆமாங்க ஐயா..." என்று மட்டும் வந்தது. வடசென்னைக்காரர் வாயில் அந்த "ங்க" எப்போது ஒட்டியதோ. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பைக்கு முன்னால் பேரனை நிற்கவைத்தார்.

"நாளையிலருந்து பத்து நாளைக்கு நீ குத்தவே வேணாம்" என்றார். "காலை மட்டும் வை."

பையன் குதிகாலைத் தூக்கினான். மாஸ்டர் குனிந்து உட்கார்ந்து அவன் பாதத்தைக் கையால் பிடித்து, அரை அங்குலம் உள்ளே திருப்பி வைத்தார்.