திருகோணமலைக் கடலுக்கு முதலில் எந்த என்டி பில்டர்?

நீண்ட எக்ஸ்போஷர் (ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து எடுக்கும்) படத்துக்கு ஆசைப்பட்டு என்டி பில்டர், அதாவது லென்ஸின் முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, தேடுகிறவர்கள் அனேகமாக 10 ஸ்டொப்பில்தான் கை வைக்கிறார்கள். (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாகும்.) திருகோணமலைக் கரையில் நின்று எடுப்பவருக்கு முதலில் வேண்டியது 6 ஸ்டொப். அதற்குத் துணையாக ஒரு 3 ஸ்டொப். இரண்டும் கைக்கு வந்து நன்றாகப் பழகிய பிறகு 10 ஸ்டொப்பைப் பற்றி யோசித்தால் காணும்.

காரணம் எங்கள் கரையின் திசை. டச்சுக் குடா, உப்புவெளி, நிலாவெளி எல்லாம் கிழக்கையோ வடகிழக்கையோ பார்த்தவை; சூரியன் கடலிலிருந்து எழும்பும். பூமத்திய ரேகைக்கு எட்டரைப் பாகைதான் வடக்கே இருக்கிறோம் என்பதால் சூரியன் சரிந்து வராமல் கிட்டத்தட்ட நேராக மேலேறும், வெளிச்சமும் மளமளவென்று கூடும். ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸின் துவார அளவு) 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். உதயத்துக்கு 20 நிமிடம் முன்பு பில்டரே இல்லாமல் ஷட்டர் நேரம் 4 முதல் 8 விநாடி வரும். சூரியன் தலைகாட்டும்போது 1/15 விநாடி அளவு. அரை மணித்தியாலம் கழித்து 1/60. உச்சி வெயிலில் 1/250. முகில், மழைக்கால இருட்டு எல்லாம் இதை ஒன்றிரண்டு ஸ்டொப் மாற்றும், ஆனாலும் கணக்கு போட இது போதும்.

ஒவ்வொரு ஸ்டொப்பும் நேரத்தை இரண்டு மடங்காக்கும். 3 ஸ்டொப் 8 மடங்கு, 6 ஸ்டொப் 64 மடங்கு, 10 ஸ்டொப் ஏறக்குறைய 1000 மடங்கு. உதய நேரத்து 1/15, 6 ஸ்டொப்போடு 4 விநாடி ஆகும். 10 ஸ்டொப்போடு ஒரு நிமிடத்தைத் தாண்டும். அரை மணித்தியாலம் கழிந்த 1/60, 6 ஸ்டொப்போடு 1 விநாடி. கரையில் அடித்துத் திரும்பும் அலை மணலில் கோடு கோடாக இழுபடுவது தெரிய வேண்டுமென்றால் அரை விநாடி முதல் 1 விநாடி வரைதான் சரியான நேரம். 4, 5 விநாடியில் அலை மென்மையாகும், ஆனால் வடிவம் இன்னும் மிஞ்சும். 30 விநாடி தாண்டினால் கடல் வெறும் வெள்ளைப் புகையாகிவிடும், அது எந்த ஊர்க் கடல் என்று யாருக்கும் தெரியாது. கரை மட்டத்தில் 10 ஸ்டொப்பை நான் விரும்பாதது இதனால்தான்.

10 ஸ்டொப் உண்மையில் பிரயோசனப்படும் இடம் உயரம். கோணேசர் கோயில் மலையில், இராவணன் வெட்டுப் பக்கத்திலிருந்து கீழே பார்க்கும்போது ஒவ்வொரு அலையும் சிறு கோடாகத்தான் தெரியும். அங்கே 30 விநாடி, 60 விநாடி கொடுத்தால் பாறையைச் சுற்றிய நுரை மட்டும் பூத்து நிற்கும். முகில் ஓடுவதைக் காட்டவும் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டும். (கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. அந்தப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.)

3-ஐயும் 6-ஐயும் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் 9 ஸ்டொப் கிடைக்கும், 10-க்கு ஒரு ஸ்டொப்தான் குறைவு. இந்த இரண்டை முதலில் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஃபுல் ஃப்ரேம் (35 மில்லிமீற்றர் பிலிம் அளவு சென்சர் உள்ள) கமராவில் 24 மில்லிமீற்றருக்குக் கீழான அகல லென்ஸுக்குப் போனால் இரட்டை வளையம் படத்தின் மூலைகளைக் கறுப்பாக்கும். மெல்லிய வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் குழப்புவது பெயர்தான். ஒரே பில்டரை ஒரு கம்பனி என்டி 64 என்று போடும், இன்னொன்று 1.8 என்று போடும், மூன்றாவது 6 ஸ்டொப் என்று எழுதும். 0.3 என்றால் ஒரு ஸ்டொப் என்று நினைவில் வைத்தால் எதையும் பிரித்துப் பார்க்கலாம்: 0.9 என்பது 3 ஸ்டொப், அதாவது என்டி 8. 3.0 என்பது 10 ஸ்டொப், அதாவது என்டி 1000. என்டி 8-ஐ எட்டு ஸ்டொப் என்று நம்பி வாங்கிவிட்டுக் படத்தில் கடல் மென்மையாகாமல் நிற்கிறதே என்று யோசிப்பவர்கள் நிறைய. என்டி 100000 சூரியனையே படம் எடுப்பதற்கானது, கடலுக்குச் சரிவராது.

சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் பில்டரைப் படத்துக்கு வாங்க வேண்டாம். அது இரண்டு போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) சேர்ந்தது. அகல லென்ஸில் கடைசி வரை திருப்பினால் வானத்தில் எக்ஸ் வடிவில் கறுப்புப் பட்டை விழும், பிறகு எந்த மென்பொருளிலும் அதை எடுக்க முடியாது. வீடியோவுக்கு மட்டும் அது வசதி.

உங்களிடம் உள்ள லென்ஸ்களில் பெரிய வாய் எதுவோ அந்த அளவில் ஒரே செட் வாங்கி, மற்றவற்றுக்கு ஸ்டெப் அப் ரிங் போடுங்கள். 77 மில்லிமீற்றர் பில்டரை 67 லென்ஸில் மாட்ட ஒரு சிறு வளையம் போதும். வளையம் பித்தளையாக இருந்தால் நல்லது. அலுமினியம் உப்புக் காற்றில் லென்ஸோடு இறுகிக்கொள்ளும்.

வாங்கியதும் வீட்டில் சோதியுங்கள். நிழலான அறையில், வெளிச்சம் மாறாத வெள்ளைச் சுவரை எஃப் 8-இல் 1/60 வரும்படி எடுங்கள். பிறகு 6 ஸ்டொப்பைப் போட்டு 1 விநாடி. இரண்டு ஹிஸ்டோகிராமும் (கமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இடப்பக்கம் போனால் பில்டர் சொன்னதைவிடக் கறுப்பு. எத்தனை விநாடி கூட்டினால் ஒன்றாகிறதோ அதை டப்பியிலேயே எழுதி ஒட்டுங்கள். படம் முழுக்க ஒரே சீரான நீலமோ மண்ணிறமோ படர்ந்திருந்தால் ரோ கோப்பில் (கமரா பதப்படுத்தாமல் தரும் கோப்பு) திருத்தலாம். நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் இன்னொன்று என்றால் திருப்பிக் கொடுங்கள். 10 ஸ்டொப்பென்றால் இன்னொரு சோதனையும் உண்டு: வெயிலில் ஒரு கறுப்புத் துணியை எடுங்கள். துணி சிவந்த மண்ணிறமாக வந்தால் பில்டர் அகச்சிவப்புக் கதிரை விடுகிறது.

கரையில் வேலை செய்யும் ஒழுங்கு மாறக்கூடாது. சட்டகம் அமைத்து, ஃபோகஸ் செய்து, லென்ஸை மெனுவலுக்கு மாற்றிய பிறகே பில்டர். கறுப்புக் கண்ணாடி போட்ட பிறகு ஃபோகஸ் தேடினால் கமரா தடுமாறும். ட்ரைபொட்டில் இருக்கும்போது ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியை) அணையுங்கள். அப்பெர்ச்சரை எஃப் 16, 22 என்று இறுக்கி நேரம் தேட வேண்டாம், டிஃப்ராக்ஷனில் (சிறு துவாரத்தில் ஒளி வளைந்து பரவுவதில்) கூர்மை போய்விடும். 8-க்கும் 11-க்கும் இடையில் நில்லுங்கள். பெரும்பாலான கமராக்களில் 30 விநாடிக்கு மேல் பல்ப் மோடும் (நீங்களே மூடும் வரை ஷட்டரைத் திறந்து வைப்பது) ரிமோட்டும் வேண்டும். விடியற்காலையில் 2 நிமிடம் என்று கணக்கு வந்தால் சற்றுக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஷட்டர் திறந்திருக்கும்போதே வெளிச்சம் ஏறிக்கொண்டிருக்கிறது.

பின்னேரத்தில் நிலைமை தலைகீழ். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் வியூஃபைண்டரை (கண் வைத்துப் பார்க்கும் துளையை) மூடாமல் ஒரு நிமிடம் எடுத்தால் வெளிச்சம் அந்த வழியாக உள்ளே ஊறி, படத்தில் வெளிறிய திட்டு விழும். கறுப்பு டேப் ஒரு துண்டு போதும். மிரர்லெஸ்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நங்கூரமிட்ட வள்ளங்களைச் சட்டகத்தில் வைத்தால் கடல் அழகாக வரும், வள்ளம் கலங்கிவிடும். உட்துறைமுகத்து அமைதியான நீரிலும் வள்ளம் ஆடாமல் இருப்பதில்லை. கமராவை அசைக்காமல் பில்டரோடு ஒன்று, பில்டரைக் கழற்றி ஐஎஸ்ஓ கூட்டி 1/125-இல் ஒன்று எடுத்து, வள்ளத்தை இரண்டாவதிலிருந்து எடுத்துச் சேருங்கள். அல்லது மணலில் இழுத்து வைத்த வள்ளத்தைத் தேடுங்கள், அதுதான் சுலபம்.

ஈர மணலில் ஒவ்வொரு அலை திரும்பும்போதும் ட்ரைபொட் கால் கொஞ்சம் புதையும். கால்களைக் கையால் அமுக்கி, ஒரு அலை வந்து போகும் வரை பொறுத்துப் பிறகு தொடங்குங்கள். ஆனி ஆடிக் கச்சான் காற்றில் நடுக் கம்பை உயர்த்தவே கூடாது.

தூவானம் பில்டரில் விழுந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத் துகள் கோட்டிங்கைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்ததால் துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பில்டரையும் ட்ரைபொட் கால்களையும் நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பின் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இரண்டு பில்டர் ஒட்டிக்கொண்டு கழலாவிட்டால் இரண்டு விரலால் எதிரெதிரே இறுக்கிப் பிடிக்க வேண்டாம், வளையம் நசிந்து இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பாண்டை வளையத்தைச் சுற்றிப் போட்டு, உள்ளங்கை முழுவதும் படும்படி பிடித்து மெதுவாகத் திருப்புங்கள்.