ஹாம் தேர்வில் டிஜிட்டல் மோடு விதிகள்: எனக்குக் கைகொடுத்தது எது

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸுக்குப் படித்தபோது சர்க்யூட் கணக்கெல்லாம் எனக்குச் சுலபமாக வந்தது. காலை வாரியது டிஜிட்டல் மோடு விதிகள்தான், அதாவது எழுத்தையும் தகவலையும் ரேடியோவில் டிஜிட்டலாக அனுப்பும் முறைகளுக்கான விதிகள். மாதிரித் தேர்வொன்றில் 300 பாட் என்றால் விநாடிக்கு 300 பிட் என்று குறித்துவிட்டேன். விநாடிக்கு எத்தனை முறை சிக்னலின் நிலை மாறுகிறது என்பதுதான் பாட். ஒவ்வொரு முறையும் நான்கு நிலைகளில் ஒன்றை அனுப்பினால் இரண்டு பிட் போகும். அதே 300 பாடில் 600 பிட்.

இது வெறும் இலக்கணப் பிழை அல்ல. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 28 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே டேட்டாவுக்கு 300 பாட் என்ற வரம்பைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. பக்கத்து அலைவரிசையில் பேசுபவரை உறுத்துவது நம் சிக்னலின் அகலம். பாட் அதில் ஒரு பங்குதான். 2023 நவம்பரில் அந்த வரம்பை எடுத்துவிட்டு, 2.8 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்று மாற்றினார்கள். பழைய குறிப்புகளில் இன்னும் 300 பாட்தான் இருக்கும். எனவே, கையில் உள்ள நோட்ஸ் எந்த ஆண்டினது என்று முதலில் பாருங்கள். உங்கள் நாட்டு விதியையும் மூலத்திலேயே படியுங்கள்.

அடுத்து ரகசியம். வெவ்வேறு நாட்டு ஹாம்கள் பேசிக்கொள்ளும்போது பொருளை மறைக்கும் நோக்கத்தோடு குறியாக்கம் செய்யக் கூடாது என்கின்றன சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ரேடியோ விதிகள். 'நோக்கம்' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். எஃப்டி8 என்ற டிஜிட்டல் மோடு ஒரு செய்தியை 77 பிட்டாகச் சுருக்குகிறது. காதுக்கு வெறும் ஊளைச் சத்தம்தான். ஆனாலும் அதன் முறை வெளிப்படையானது, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். அதனால் அது சங்கேதம் ஆகாது. கடவுச்சொல் போட்டுப் பூட்டினால் ஆகும். அமெச்சூர் செயற்கைக்கோளுக்குத் தரையிலிருந்து போகும் கட்டுப்பாட்டு சிக்னல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதை மறக்காதீர்கள்.

சிக்னல் எந்த வகை என்று சொல்லும் ஜே2பி, எஃப்1பி போன்ற குறியீடுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள். கேரியரின் (தகவலைச் சுமக்கும் அலையின்) அலைவரிசையையே நேராக மாற்றி ஆர்டிடிஒய் (ரேடியோ டெலிடைப்) அனுப்பினால் எஃப்1பி. கணினியின் ஒலியை எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) டிரான்ஸ்மிட்டரின் மைக் வழியே கொடுத்து அனுப்பினால் ஜே2பி. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடைசி எழுத்தான பி, இயந்திரம் படிக்கும் தந்தி என்பதைச் சொல்கிறது. காதால் படிக்கும் மோர்ஸ் ஏ1ஏ.

எனக்கு எல்லாம் பிடிபட்டது எஃப்டி8 புழங்கும் 14.074 மெகாஹெர்ட்ஸில் ரிசீவரை வைத்து, சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையைப் பார்த்த அன்றுதான். 50 ஹெர்ட்ஸ் அகலக் கோடுகள் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை மாறி மாறி எழுந்து அடங்கின. ஒரே ஒரு குரலுக்கு வேண்டிய அகலத்துக்குள் அத்தனை பேர். அகலத்துக்கு ஏன் வரம்பு போடுகிறார்கள் என்று அதற்குப் பிறகு நான் புத்தகத்தில் தேடவில்லை.