கோலநோட்டைத் திறக்க ஒரு வரி, மூட மூன்று வாரம்

அம்மாவிடம் கோலநோட்டுகள் மூன்று இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வரைந்து சேர்த்தவை. ஓரமெல்லாம் பொடிந்து உதிர ஆரம்பித்ததால் மூன்றையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி வைத்தேன். பாட்டி பாடிய கும்மிப் பாட்டு இரண்டு கேசட்டில் இருந்தது, தங்கை கல்யாண வீடியோ இருந்தது. அவையும் கணினிக்கு வந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே திரையில் படங்களாக அடுக்க வேண்டும். அம்மா ஒரு படத்தை அழுத்தினால் அது திறக்க வேண்டும், பார்த்து முடித்ததும் அதே திரை திரும்ப வர வேண்டும். மார்கழி பிறப்பதற்குள் இது தயாராக வேண்டும் என்று ஐப்பசிக் கடைசியில் உட்கார்ந்தேன்.

இதற்கு எடுத்துக்கொண்டது மேக்ரோமீடியா நிறுவனத்தின் டைரக்டர் எம்எக்ஸ் 2004, படம், ஒலி, பொத்தான் எல்லாம் சேர்த்துத் திரை கட்டும் பழைய மென்பொருள். அந்த நிறுவனத்தை 2005ல் அடோபி வாங்கியது, 2017 பிப்ரவரியோடு டைரக்டர் விற்பனையும் நின்றுபோனது. இருந்தாலும் பெட்டியோடு வாங்கிய பிரதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இணையமே இல்லாத ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினியும் வீட்டில் இருக்கிறது. படங்களை ஸ்டேஜ் என்ற திரைப்பரப்பில் வைத்து, ஸ்கோர் என்ற காலவரிசைப் பட்டியலில் வரிசைப்படுத்தி, இடையிடையே அதன் நிரல்மொழியான லிங்கோவில் நாலு வரி எழுதி ஒரு திரையைக் கட்டும் அந்த முறை எனக்கு இன்றைக்கும் பிடித்தமானது.

ஸ்கேன் செய்த பக்கங்களைப் படமாகவே டைரக்டருக்குள் வைத்துவிடலாமே என்று கேட்கலாம். முதலில் அதைத்தான் செய்தேன். 300 டிபிஐயில் ஒரு ஏ4 பக்கம் 2480க்கு 3508 பிக்சல். 32 பிட் நிறத்தில் அது நினைவகத்தில் கிட்டத்தட்ட 35 எம்பி பிடிக்கும். அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் அம்மா கோலத்தைப் பார்ப்பது புள்ளியை எண்ணுவதற்காக. பெரிதாக்க வேண்டும், நகர்த்த வேண்டும், மறுபடி சிறிதாக்க வேண்டும். சுமத்ரா பிடிஎஃப் என்ற சிறிய நிரல் இதையெல்லாம் அழகாகச் செய்கிறது, அதன் 3.1.2 பதிப்பு எக்ஸ்பியிலும் ஓடும். அதை வெளியிலிருந்து அழைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன்.

பாட்டு விஷயத்தில் நேர் எதிரான முடிவு. எம்பி3 கோப்பை டைரக்டரே வாசிக்கும், ஒரு வரி போதும். தன்னால் முடிகிற வேலைக்கு இன்னொரு நிரலை அழைக்கக் கூடாது என்பது என் கட்சி. அழைத்தால் அதை மேய்க்கவும் வேண்டும்.

லிங்கோவில் வெளி நிரலைத் திறக்க ‘ஓபன்’ என்ற கட்டளை உண்டு. இன்ன கோப்பை இன்ன நிரலால் திற என்று ஒரே வாக்கியமாக எழுதலாம். 1987ல் ஆப்பிள் வெளியிட்ட ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளிலும் இதே வாக்கிய அமைப்பு இருந்தது. எழுதினேன், படத்தை அழுத்தினேன், ஒன்றுமே நடக்கவில்லை. கோப்புறையின் பெயர் ‘அம்மா கோலம்’ என்பதை ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி விட்டு எழுதியது. கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதையைக் கட்டளை அந்த இடைவெளியிலேயே வெட்டிவிட்டது. மேற்கோள்குறிக்குள் பாதையை அடைத்தால் சரியாகிவிடும். ஆனால் லிங்கோவில் மேற்கோள்குறிதான் உரையின் எல்லை, அதை உரைக்குள் அப்படியே தட்ட முடியாது. அதற்கென்றே இருக்கும் ‘கோட்’ (quote) என்ற மாறிலியை முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும். இன்னொன்று, டிரைவ் எழுத்தோடு முழுப் பாதையை எழுதி வைக்காதீர்கள். ‘மூவிபாத்’ என்று கேட்டால் நம் நிரல் இருக்கும் இடத்தை அதுவே சொல்லும், அதிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம். கோப்புறையை எங்கே நகர்த்தினாலும் வேலை செய்யும்.

அடுத்தது தமிழ்ப் பெயர். கோப்புக்கு ‘கோலம்1’ என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். திறக்கவில்லை. டைரக்டர் என்ன பாதையை அனுப்புகிறது என்று ஒரு செய்திப் பெட்டியில் காட்டச் சொன்னேன். ஐந்து கேள்விக்குறிகளும் ஒரு 1ம் வந்தன. கோலம் என்று நாம் படிப்பது மூன்று எழுத்து. யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டில் அது ககரம், ஓகாரக் குறி, லகரம், மகரம், மேலே புள்ளி என்று ஐந்து. அந்த ஐந்தும் ஆளுக்கொரு கேள்விக்குறியாகிவிட்டன. எம்எக்ஸ் 2004 யூனிகோடு தெரியாத பதிப்பு. 2008ல் வந்த டைரக்டர் 11தான் முதலில் யூனிகோடை ஏற்றது. பழைய நிரல்கள் நம்பியிருக்கும் ஆன்சி எழுத்துப் பட்டியலில் விண்டோஸ் தமிழுக்கு இடமே கொடுக்கவில்லை, யூனிகோடு வழியாக மட்டுமே தமிழ் உள்ளே வந்தது. அதனால் கணினியின் மொழி அமைப்பை எப்படி மாற்றினாலும் இதற்குத் தீர்வு கிடைக்காது. 2000களின் தொடக்கத்தில் வந்த தமிழ் சிடிக்கள் டாம், டாப் என்ற பழைய தமிழ்க் குறியீட்டு எழுத்துருக்களை வைத்துத் திரையில் தமிழ் காட்டின. கோப்புகளுக்கு ஆங்கிலத்தில்தான் பெயர் வைத்தன. நானும் கோப்புகளுக்கு எண்ணும் ஆங்கில எழுத்துமாகப் பெயரை மாற்றினேன். பொத்தான்களில் உள்ள தமிழை வேறு கணினியில் தட்டிப் படமாக்கிக் கொண்டுவந்து வைத்தேன்.

இப்போது கோலநோட்டு திறந்தது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

‘ஓபன்’ கட்டளை நிரலைத் திறந்துவிட்டதோடு கை கழுவிவிடும். திறந்ததா, மூடிவிட்டார்களா, இன்னும் இருக்கிறதா, எதுவும் அதற்குத் தெரியாது. எந்தப் பக்கத்தில் திறக்க வேண்டும் என்று சொல்லவும் அந்த வாக்கியத்தில் இடமில்லை. ஆகவே பட்டி ஏபிஐ என்ற எக்ஸ்ட்ராவுக்குப் போனேன். டைரக்டர் காலத்தில் சிடி செய்தவர்கள் அநேகமாக எல்லோரும் தொட்டிருப்பார்கள். விண்டோஸின் உள்வசதிகளை லிங்கோவிலிருந்து கூப்பிட வைக்கும் துணை நிரல் அது. நிரலை ஓட்டும்போதே எந்தப் பக்கம், ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோவையே பயன்படுத்து போன்ற குறிப்புகளையும் சேர்த்து அனுப்பலாம். சுமத்ரா இரண்டையும் ஏற்கும்.

அதில் ‘காத்திரு’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. வெளி நிரல் மூடப்படும் வரை டைரக்டர் அடுத்த வரிக்குப் போகாது. எனக்குத் தேவையானது இதுதானே என்று போட்டுப் பார்த்தேன். சுமத்ரா விண்டோவை மவுஸால் பிடித்து இழுத்ததும், அது நகர்ந்த வழியெல்லாம் பின்னாலிருந்த என் திரையில் வெள்ளையாக அழிந்துகொண்டே வந்தது. பூசணிப்பூ வைத்த கோலத்தின் படம் பாதியில் அறுந்து நின்றது. டைரக்டர் காத்திருக்கிறது, அதனால் தன் திரையைத் திரும்ப வரைந்துகொள்ளவும் அதற்கு நேரமில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, படம் அழிஞ்சுபோச்சே, நான் எதையாவது தொட்டுட்டேனா?” என்றார். அன்றைக்கே அந்தத் தேர்வை எடுத்துவிட்டேன்.

காத்திருக்கவும் கூடாது, கை கழுவவும் கூடாது. மிச்சம் இருக்கும் வழி, நிரலைத் திறந்துவிட்டு அவ்வப்போது எட்டிப் பார்ப்பது. விண்டோஸில் ஒவ்வொரு விண்டோவுக்கும் ஒரு எண் உண்டு, ஹேண்டில் என்பார்கள். அது கையில் கிடைத்துவிட்டால் விண்டோவை நகர்த்தலாம், முன்னால் கொண்டுவரலாம், மூடலாம், இருக்கிறதா என்று கேட்கலாம். தலைப்பை வைத்துத் தேடினால் கோப்புக்குக் கோப்பு தலைப்பு மாறும். வகைப் பெயரை வைத்துத் தேடுவது நல்லது. சுமத்ராவுக்கு அதன் பெயரிலேயே தனி வகை இருப்பதால் ஒரே தேடலில் அகப்பட்டது.

நிரலை ஓட்டிய அடுத்த வரியிலேயே தேடினால் மட்டும் பூஜ்யம்தான் வரும். விண்டோ அதற்குள் பிறந்திருக்காது. இந்தப் பழைய கணினியில் முதல் தடவை திறக்க நான்கு விநாடி ஆகிறது. லிங்கோவின் டைம்அவுட் வசதியில் அரை விநாடிக்கு ஒரு தடவை தேடச் சொன்னேன், பத்து விநாடியில் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடச் சொன்னேன். ஒவ்வொரு ஃப்ரேமிலும் தேடலாம்தான், ஆனால் விநாடிக்கு முப்பது தடவை தேட இங்கே அவசரம் ஒன்றுமில்லை.

அந்த நான்கு விநாடிக்குள் இன்னொன்று நடந்தது. அழுத்தியும் ஒன்றும் வரவில்லையே என்று அம்மா மறுபடியும் அழுத்தினார், இன்னொரு தடவையும் அழுத்தினார். மூன்று அழைப்புகள் போய், ஒரே நோட்டு மூன்று முறை திறந்தது. இப்போது முதல் அழுத்தலிலேயே எல்லாப் பொத்தான்களும் மங்கிவிடுகின்றன, ‘நோட்டு வருகிறது’ என்று ஒரு வரி தெரிகிறது. ஹேண்டில் கிடைத்ததும்தான் பொத்தான்களுக்கு உயிர் வரும். இந்த ஒரு வரி வந்த பிறகு அம்மா இரண்டாவது முறை அழுத்தியதே இல்லை.

திரும்பி வரும் வழிதான் அதிக நாள் எடுத்தது. சுமத்ராவை முழுத்திரையில் திறந்தால் என் ‘திரும்பு’ பொத்தான் அதற்கு அடியில் போய்விடும். மேல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தச் சொன்னால், பக்கத்திலிருக்கும் சிறிதாக்கும் குறியில் கை படுகிறது. விண்டோ மறைந்துவிடும், ஆனால் மூடியிருக்காது. அதனால் 1024க்கு 768 திரையில் இடது பக்கம் 160 பிக்சல் பட்டை ஒன்றை விட்டு, மிச்ச இடத்தில் சுமத்ராவைப் பொருத்தினேன். பட்டையில் பெரிய ‘திரும்பு’ பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் மூடச் சொல்லும் செய்தி போகும். நன்றாகத்தான் இருந்தது, பட்டையில் பொத்தான் இல்லாத இடத்தில் அம்மாவின் மவுஸ் படும் வரை. எங்கே அழுத்தினாலும் என் ஸ்டேஜ் முன்னால் வந்து சுமத்ராவை மூடி மறைத்துவிடும். உடனே சுமத்ராவை மறுபடி முன்னால் தள்ள ஹேண்ட்லர் என்ற சிறு நிரல் துண்டு ஒன்றை எழுதினேன், திரை ஒரு கணம் வெட்டி வெட்டி வந்தது. இரண்டு மாலை அதோடு போனது. கடைசியில் அந்த ஹேண்ட்லரை அழித்துவிட்டு, பட்டை முழுவதையும் பொத்தானாக்கிவிட்டேன். எங்கே தொட்டாலும் திரும்பும். இதுவே சரியாகப் பொருந்தியது.

மூடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நிரலைப் பலவந்தமாக நிறுத்தும் வழியும் விண்டோஸில் உண்டு, சுருக்கமான வழியும் அதுதான். ஆனால் சுமத்ரா முறையாக மூடும்போதுதான் கடைசியாகப் பார்த்த பக்கத்தைக் குறித்து வைக்கிறது. பலவந்தமாக நிறுத்தினால் அது நினைவில் இருக்காது. ‘நேற்றுப் பார்த்த பக்கம்’ என்று அம்மா ஒரு பொத்தான் கேட்டிருந்தார். மூடு என்ற செய்தியை மட்டும் அனுப்பி, மூடியாயிற்றா என்று பார்த்து, அப்புறம் திரையைத் திருப்புகிறேன். அந்தப் பொத்தான் மட்டும் பக்க எண் சொல்லாமல் திறக்கும், விட்ட இடத்திலேயே வரும்.

கல்யாண வீடியோவுக்கு விஎல்சி என்ற வீடியோ நிரல். முடிந்ததும் தானே மூடிக்கொள், தலைப்பைக் காட்டாதே என்ற குறிப்புகளோடு ஓட்டினால் வேலை சுலபம். அதன் விண்டோ தலைப்பு ஓடும் கோப்பைப் பொறுத்து மாறும். தலைப்பின் ஒரு பகுதியைக் கொடுத்துப் பட்டியல் கேட்டால் போதும், அகப்படுகிறது.

டைரக்டரை விட்டு ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்திருந்தால் இந்த அளவுக்குக்கூட வந்திருக்க முடியாது. தனியாக ஓடும் அதன் புரொஜெக்டர் கோப்பிலும் வெளி நிரலை ஓட்டும் கட்டளை உண்டு, ஆனால் ஃப்ளாஷ் எம்எக்ஸிலிருந்து அந்த நிரல் ‘எஃப்எஸ்கமாண்ட்’ என்ற பெயருள்ள கோப்புறைக்குள்தான் இருந்தாக வேண்டும், கூடவே குறிப்பு எதுவும் அனுப்ப முடியாது. பாதுகாப்புக்காகச் செய்தது, அது நியாயம்தான்.

கார்த்திகைக் கடைசி வாரம் அம்மாவை உட்கார வைத்தேன். முதல் நோட்டைத் திறந்தார். இடுக்குப்புள்ளி 15 முதல் 8 வரை, தாமரைக் கோலம். பெரிதாக்கி வரிசை வரிசையாக எண்ணினார். பட்டையைத் தொட்டார், மூடியது, திரை வந்தது. பிறகு கேட்டார்: “இதை வாசலுக்கு எப்படிப்பா எடுத்துட்டுப் போறது?”

அச்சிட வேண்டும். சுமத்ராவை விண்டோ காட்டாமலே ஓட்டி, இன்ன கோப்பில் இன்ன பக்கத்தை அச்சிடு என்று சொல்ல முடியும். ஆனால் அம்மா இப்போது எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று டைரக்டருக்குத் தெரிய வேண்டுமே. பன்னிரண்டாம் பக்கத்தில் திற என்று நான் சொல்லலாம், அப்புறம் அவர் எத்தனை பக்கம் புரட்டினார் என்று சுமத்ரா எனக்குச் சொல்வதில்லை. பக்க எண் காட்டும் பெட்டிக்குள் நுழைந்து படிக்க முயன்றேன், நம்பும்படி வரவில்லை.

அதனால் நோட்டையே பிரித்துவிட்டேன். ஒரு கோலத்துக்கு ஒரு பிடிஎஃப், திரையில் ஒரு கோலத்துக்கு ஒரு சின்னப் படம். எந்தக் கோப்பைத் திறந்தோம் என்பது டைரக்டருக்கு எப்போதும் தெரியும். கடைசியாகப் பார்த்த கோலத்தை இப்போது டைரக்டரே ஒரு சிறு உரைக் கோப்பில் எழுதி வைக்கிறது. பட்டை இரண்டானது, மேல் பாதி ‘திரும்பு’, கீழ்ப் பாதி ‘அச்சிடு’.

மார்கழி முதல் நாளுக்கு முந்தின இரவு தாமரைக் கோலம் தாளில் வந்தது. விடியற்காலை அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கோலப்பொடி டப்பாவோடு வாசலுக்குப் போனார். முதல் நோட்டின் 40 பக்கம் பிரித்தாகிவிட்டது. இரண்டாவதில் பல பக்கங்களில் இரண்டு மூன்று கோலங்கள் நெருக்கி வரைந்திருக்கின்றன, அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கும் வேலை இந்த வாரம்.