மாமாவின் போஸ்ட்மார்ட்டமும் அதற்கு அப்புறம் அலைந்ததும்

தனியாக இருந்த என் மாமா வீட்டுக்குள் இறந்து கிடந்தார். கொஞ்ச நாள் முன்புதான் சொத்துத் தகராறு. போலீஸ் வருவதற்குள் தெருவே 'தற்கொலை' என்று முடிவு கட்டிவிட்டது.

ஸ்டேஷனில் ரைட்டரும் புகாரில் அப்படியே எழுதப் பார்த்தார். "இறந்து கிடந்ததைத்தான் பார்த்தோம், எப்படின்னு தெரியாது. அதை மட்டும் எழுதுங்க" என்று அம்மா விடாப்பிடியாக நின்றார். இன்சூரன்ஸ்காரர்கள் எஃப்.ஐ.ஆர். வாசகத்தை வரிவரியாகப் படிப்பார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. இப்படிச் சந்தேகமான சாவை விசாரிப்பது, 2024 ஜூலையிலிருந்து புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 194-வது பிரிவு; பழைய சட்டத்தில் 174 என்பதால் ஸ்டேஷனில் இன்னும் '174 கேஸ்'தான். எஸ்.ஐ. வந்து பஞ்சாயத்தார் (சாட்சியாக நிற்கும் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள்) முன்னிலையில் பிரேத விசாரணையை முடித்தார். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் உண்டு.

ஜி.எச். போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. இரவிலும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று 2021-ல் மத்திய அரசு சொன்னதே என்று தம்பி வாதாடினான். தற்கொலை, கொலைச் சந்தேகம் இருந்தால் பொதுவாக அது பொருந்தாதாம். சரி, விடியும்வரை மார்ச்சுவரி வாசல்தான்.

டாக்டர் நிதானமானவர். "எதனால் இறந்தார்னு நான் சொல்லலாம். அவரா செஞ்சுக்கிட்டாரான்னு உடம்பு மட்டும் சொல்லாதும்மா. வீடு இருந்த நிலை, கடைசியா யார்கிட்ட பேசினார், எல்லாம் சேர்த்துத்தான் பார்க்கணும்" என்றார். இரைப்பை, கல்லீரல், சிறுநீரகத்திலிருந்து எடுத்த மாதிரிகள் உப்புக் கரைசலில் விஷப் பரிசோதனைக்குப் போயின. இதயம் மட்டும் ஃபார்மலினில், திசு ஆய்வுக்கு. ஃபார்மலினில் போட்டால் விஷப் பரிசோதனை கெட்டுவிடுமாம். போஸ்ட்மார்ட்டம் சான்றிதழில் 'ஆய்வு முடிவு வரும்வரை கருத்து நிறுத்திவைப்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இறப்புச் சான்றிதழ் சீக்கிரமே வந்தது. அதில் இறந்த காரணம் இருக்காது, சட்டமே அப்படி. சொந்தக்காரர்களோ, நாங்கள்தான் எதையோ மறைத்துவிட்டோம் என்றார்கள்! ஆய்வக ரிப்போர்ட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். அது வந்தும் ஸ்டேஷன் அலமாரியிலேயே கிடந்தது. அது டாக்டர் கைக்குப் போனால்தான் இறுதிக் கருத்து எழுதுவார். ஏட்டைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனோம்.

விஷம் எதுவும் கண்டறியப்படவில்லை. இதய ரத்தக்குழாய் அடைப்பு என்று எழுதினார் டாக்டர். மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று போலீஸ் அறிக்கை அனுப்பியது. எஃப்.ஐ.ஆர்., பிரேத விசாரணை அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் சான்றிதழ், ஆய்வக அறிக்கை, இறுதிக் கருத்து எல்லாவற்றையும் இன்சூரன்ஸ் ஆபீஸில் கேட்டார்கள். நீங்கள் எல்லாவற்றிலும் இரண்டு நகல் வாங்கி வையுங்கள்.