கம்பு பிடித்தால் நின்றுவிடுகிறது

07.10.2024, திங்கள்

இன்றைய கூட்டம் முழுக்க வலக்கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தேன்.

08.10.2024, செவ்வாய்

மாவு மில். காலை 7 மணிக்கே கடை முன் அஞ்சடி நடைபாதையில் வரிசை நிற்கிறது. தீபாவளிக்கு 23 நாள். முறுக்கு மாவு, அதிரசத்துக்கு ஈர அரிசி, வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தலைகாட்டும் அத்தைமார்கள், கையில் மைலோ டின். "இந்தக் கூட்டத்தப் பாத்து ஏமாந்துடாதீங்க டாக்டர், பிப்ரவரில வந்து பாருங்க" என்றார் மில்லை நடத்தும் அண்ணன். அவர் அந்தப் பக்கம் போனதும் அவருடைய தங்கை வந்து, "கூட்டத்த எண்ணிக்கிட்டீங்கதானே?" என்றார். மில்லை மூடுவதா வேண்டாமா என்று சொல்ல, ஆலோசகனான எனக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் கூலி தருகிறார்கள். (டாக்டர் என்பது என் முனைவர் பட்டத்துக்கு.) பெரியவர் கல்லாவில் உட்கார்ந்து சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாகப் போகிறேன், அவர் என்னிடம் "சாப்பிட்டீங்களா" தவிர ஒன்றும் கேட்டதில்லை.

ஒரு சட்டியில் மிளகாய், ஒரு சட்டியில் மல்லி. மிளகாய் நெடிக்கு எல்லோரையும் போல நானும் தும்மினேன். மல்லி வாசம் வரவில்லை. கிட்டே போய் நின்றேன். ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். சூடு வந்தது. அவ்வளவுதான். சார் தரம் பார்க்கிறார் என்று நினைத்து மில் தம்பி இன்னொரு தட்டை நீட்டினான்.

09.10.2024, புதன்

கோப்பித்தூள் டப்பாவுக்குள் மூக்கை விட்டிருந்ததை மகள் பார்த்துவிட்டாள். சளி என்றேன்.

11.10.2024, வெள்ளி

ஆயுத பூசை. பூசை அறையில் சிலம்பக் கம்பு இரண்டு, சுருள்வாள், மான்கொம்பு, மகளின் கால்குலேட்டர், என் லேப்டாப். லேப்டாப்புக்குச் சந்தனம் வைக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் எனக்குச் சிரிப்பு வரும். 19 ஆண்டாகச் சோறு போடுவது அதுதான், கம்பு அல்ல. ஆனாலும் கம்புக்கு முன்னால்தான் கை தானாகக் குவிகிறது.

வாத்தியாரின் பிரம்பை எண்ணெய் போட்டுத் துடைத்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்து மாலையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். நுனியில் இன்னும் குங்குமக் கறை இருக்கிறது. அந்தக் காலத்துப் பொட்டு விளையாட்டு: நுனியில் சாயத்தைத் தோய்த்துக்கொண்டு எதிராளி உடம்பில் எத்தனை பொட்டு வைக்கிறோம் என்று எண்ணுவார்கள். 1989இல் ஒருமுறை என் சட்டையில் ஒரு பொட்டுகூட இல்லாமல் வெளியே வந்தேன். அம்மா அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தார்.

சாம்பிராணிப் புகை தெரிந்தது. வாசம் இல்லை.

12.10.2024, சனி

விஜயதசமி. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, என் சிலம்ப வகுப்பில், புதிதாக நான்கு பிள்ளைகள். கம்பு எப்போது தருவீர்கள் என்று ஒரு பொடியன் மூன்று முறை கேட்டான். முதலில் காலடி. கால் பேசாமல் கை பேசக்கூடாது என்பார் வாத்தியார். பெற்றோர்களுக்குக் காட்டுவதற்காக நான் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒற்றைக்கையில், பிறகு இரட்டைக்கையில், தலைக்கு மேல், முதுகுக்குப் பின்னால். கல் மாதிரி நின்றது கை. ஒரு துளி நடுக்கம் இல்லை.

கம்பைத் தூணில் சாய்த்துவிட்டுக் கல் மேசையில் உட்கார்ந்தேன். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல ஆரம்பித்துவிட்டன.

சும்மா இரு என்று அருணகிரிக்கு முருகன் சொன்னதைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தியவன் நான். என் கைக்கு மட்டும் அது விளங்கவில்லை.

15.10.2024, செவ்வாய், அதிகாலை 3.40

மழை. தூக்கம் இல்லை. பழைய ஆய்வேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சென்னையில் கொசுவர்த்தி கொளுத்திக்கொண்டு எழுதியது.

மணிமேகலை 27ஆம் காதை. வஞ்சியில் மாதவன் (ஆண் துறவி) வடிவில் திரியும் மணிமேகலைக்கு அளவைவாதி சொல்கிறான்: அளவைகள், அதாவது ஒன்றை அறியும் வழிகள், ஆசிரியர்களில் வியாதனுக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு. அதில் கருத்தளவு (அனுமானம்) மூன்று விதம். பொது, எச்சம், முதல். காட்டில் பிளிறல் கேட்டு யானை இருக்கிறது என்பது பொது. ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். கருத்த முகிலைப் பார்த்து மழை பெய்யும் என்பது முதல்.

இந்த மூன்று வரிக்கு 40 பக்கம் எழுதியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர், முகில் வந்தும் மழை பெய்யாவிட்டால் உன் அனுமானம் என்ன ஆகும் என்று கேட்டார். ஏதோ சாமர்த்தியமாகச் சொல்லித் தப்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை.

பட்டம் வாங்கியபின் இரண்டு வருடம் கிடைத்த இடத்தில் பகுதிநேரப் பாடம். பிறகு 2005இல் ஒரு நிறுவனம், எங்களுக்கு வாதாடத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து முகில் பார்க்கும் வேலை. இந்தக் கடை நிற்கும், இந்தக் கடை நிற்காது. ஒரு பக்கத்துக்கு ஒரு படம், கீழே ஒரு வரி. எத்தனை முகில் பார்த்துச் சொல்லியிருப்பேன், எத்தனை பேர் அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போனார்கள். அவர்கள் முகத்தை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். பாதிப் பேருடைய முகம் வரவே இல்லை.

இந்தக் கை வெள்ளமா, முகிலா? மேலே எங்கேயோ ஏற்கெனவே பெய்து முடித்துவிட்டதா?

நோட்டில் எழுதிய இந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்யும்போதுதான் கவனித்தேன். வரி தொடங்கும்போது எழுத்து ஒழுங்காக இருக்கிறது, வரிக் கடைசியில் எறும்பாகிவிடுகிறது.

18.10.2024, வெள்ளி

பலதுறை மருந்தகம். இவளிடம் (மனைவியிடம்) சொல்லாமல் போனேன். மருத்துவர் சின்னப் பெண், என் மகளைவிட ஆறேழு வயது கூட இருக்கலாம். விரலைத் தட்டச் சொன்னார், கையை மூடித் திறக்கச் சொன்னார், தாளில் சுருள் வரையச் சொன்னார். நடைவழியில் நடக்கச் சொல்லிவிட்டு என் காலைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். அப்போதே தெரிந்துகொண்டேன், இவர் நல்ல ஆட்டக்காரர். நானும் புதுப் பையன்களை அப்படித்தான் பார்ப்பேன்.

தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். நரம்பியல் நிபுணருக்கு எழுதித் தந்தார். நவம்பர் 14.

21.10.2024, திங்கள்

தைராய்டு சரியாக இருக்கிறதாம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல செய்திக்காக வருத்தப்பட்டேன்.

24.10.2024, வியாழன்

அறிக்கை எழுத வரவில்லை. அண்ணன் கொடுத்த கணக்கு: ஜனவரியில் குத்தகை முடிகிறது, வாடகை ஏறும், வெளிநாட்டு வேலையாட்களுக்கான லெவி, மின்சாரம், ஜிஎஸ்டி வேறு 9 விழுக்காடு. ஆகவே மூடவேண்டும். பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

மணிமேகலை 29ஆம் காதையில் அவளுடைய பௌத்த குரு அறவண அடிகள் போலிகளை, அதாவது வாதத்தில் சரிபோலத் தோன்றும் பிழைகளை, வரிசையாக அடுக்குவார். பக்கப்போலி (கூற்றில் பிழை) 9, ஏதுப்போலி (காரணத்தில் பிழை) 14, திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் பிழை) 10. ஆக 33. வடமொழித் தர்க்க நூலான நியாயப்பிரவேசத்திலும் இதே கணக்கு. பழைய அலுவலகத்தில் மற்றவர்களின் ஸ்லைடுகளில் ஓரத்தில் பென்சிலால் எண் போட்டு வைப்பேன். எண் 10 என்றால் பத்தாம் போலி. ஒரு மேலாளர் அதைப் பக்க எண் என்று நினைத்து மாற்றி அடுக்கினார்.

அண்ணன் சொல்லும் ஏதுவில் இருப்பது சாதாரணம் என்ற போலி. வாடகை ஏறிய கடைகளில் மூடியதும் உண்டு, நிற்பதும் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஏதுவை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை நாட்ட முடியாது.

கை நடுக்கமும் அப்படித்தான். எத்தனையோ காரணம் இருக்கலாம். மூக்கைக் கோவிட்டும் கெடுக்கும், எனக்கு இரண்டுமுறை வந்திருக்கிறது. எழுத்து சிறுத்தால் கண்ணாடி மாற்றவேண்டியிருக்கலாம்.

மூன்றும் சேர்ந்து வந்தால் என்பதற்கு அடிகள் என்ன சொல்கிறார் என்று தேடவில்லை. விளக்கை அணைத்துவிட்டேன்.

27.10.2024, ஞாயிறு

இவளுக்குத் தெரியும்! ஆறு மாதமாகத் தெரியுமாம்! "நடக்கும்போது உங்க வலது கை மட்டும் வீசல, ஏதோ யோசனையில இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்கிறாள். எனக்குத் தெரியாத என் காலடி இவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மணிநேரம் கத்தினேன். எதற்கு என்று தெரியவில்லை. பிறகு தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கினோம். சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு. கூட்டத்தில் வேண்டுமென்றே வலக்கையை வீசி நடந்தேன், கவாத்து பழகுகிறவன் மாதிரி. அவள் சிரித்துவிட்டாள்.

31.10.2024, வியாழன்

தீபாவளி. எண்ணெய்க் குளியல். மில்லில் அரைத்த மாவில் முறுக்கு. பெரியவர் வீட்டிலிருந்து ஒரு டின் அதிரசம் வந்தது. ருசி தெரிகிறது.

06.11.2024, புதன்

அறிக்கையைக் கொடுத்தேன். மில்லின் பின்கட்டில், மாவு மூட்டைகளுக்கு நடுவே.

பத்தொன்பது வருடமாக நான் செய்தது விதண்டை. எதிராளி சொல்வதை உடைப்பேன், என் பக்கம் என்று ஒன்றை வைக்கமாட்டேன். ஆலோசகனுக்கு அது பாதுகாப்பு: அவர்கள் முடிவெடுப்பார்கள், நான் போலிகளை மட்டும் காட்டுவேன். இன்று முதல் பக்கத்திலேயே வைத்தேன்: மூடவேண்டாம். பொட்டல வியாபாரத்தை விடுங்கள், அது உங்களைத் தின்கிறது. அரைக்கும் கூலியை ஏற்றுங்கள், ஈர மாவை வாரம் முழுக்கப் போடுங்கள், குத்தகையை ஒரு வருடத்துக்கு மட்டும் கேளுங்கள். அண்ணன், "கியாரண்டி உண்டா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப உங்களுக்கு எதுக்கு காசு?" நியாயமான கேள்வி. தங்கை ஏதோ சொல்ல ஆரம்பித்தார், இருவரும் உரக்கப் பேசினார்கள், பதினோரு வேலையாட்களும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

கையை மேலேதான் வைத்திருந்தேன். மறைக்க மறந்துவிட்டேன். தாள்கள் படபடவென்று அடித்தன. அண்ணன் பார்த்தார். தங்கை பார்த்தார்.

பெரியவர் எழுந்து போய் எனக்குப் பாலில்லாத கோப்பி-ஓ கொண்டுவந்தார். என் இடப்பக்கமாகச் சுற்றி வந்து, இடக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். முக்கால் கிளாஸ்தான் ஊற்றியிருந்தார்.

09.11.2024, சனி

வகுப்பு. இரண்டாம் காலடி. அந்தப் பொடியன் இன்னும் கம்பு கேட்கிறான். நெற்றிக்கு அளந்து பிரம்பு வெட்டி வைத்துவிட்டேன். சொல்லவில்லை.

10.11.2024, ஞாயிறு

மில்லிலிருந்து பதில் இல்லை.

12.11.2024, செவ்வாய்

மில்லிலிருந்து பதில் இல்லை. மகளிடம் சொன்னோம். அவள் தொலைபேசியில் தேட ஆரம்பித்தாள், பிடுங்கி வைத்தேன். பிறகு கொடுத்துவிட்டேன்.

13.11.2024, புதன்

நாளை காலை 9.20. அடையாள அட்டை, பரிந்துரைக் கடிதம், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் கொண்டுவரச் சொல்லிக் குறுஞ்செய்தி. கம்பையும் எடுத்துப்போகலாம் என்று எனக்கு ஒரு யோசனை. சும்மா உட்காரவைத்து மட்டும் பார்த்தால் எப்படி, சுற்றும்போதும் பார்க்கவேண்டாமா? இவள் "ஆஸ்பத்திரிக்கா?" என்றாள். வாத்தியாரின் பிரம்பு, நிறுத்தினால் என் நெற்றிவரை வரும். டாக்சியில் முன்சீட்டைச் சாய்த்தால் நுழையும். எம்ஆர்டி ரயிலில் என்றால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே போகவேண்டும், அதுவும் நல்லதுதான், பிடித்திருக்கும்வரை