குழாயில் இருந்த குளோரின் குடத்தில் எங்கே போனது?

வெளிநாட்டில் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) படித்துக்கொண்டே கோடைப் பயிற்சிக்கு வடசென்னை வருகிறவர்கள் எழுதி அனுப்பும் ஆய்வுத் தலைப்பு பெரும்பாலும் ‘குடிநீரும் நோய்களும்’ என்ற அளவில் இருக்கும். பத்து வாரத்துக்கு அது தாங்காது. தாங்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) தண்ணீரில் கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரின், வீட்டுக் குடத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறது?

முதலில் காகிதம். டூரிஸ்ட் விசாவில் வந்து ஆய்வு செய்யக்கூடாது. பயிற்சிக்கென்று தனி விசா இருக்கிறது. ‘நமக்குத்தான் ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருக்கே’ என்று நம் பிள்ளைகள் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். 2021 அறிவிக்கையின்படி ஓ.சி.ஐ. உள்ளவர்களும் ஆய்வு செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். வீட்டு ஆட்களிடம் உடல்நலம் பற்றிக் கேட்பதாக இருந்தால் உங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் மட்டும் போதாது, இங்குள்ள நிறுவனத்தின் குழுவும் ஒப்ப வேண்டும். வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு என்றால் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாக மத்தியச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும். விமான டிக்கெட் இதற்கெல்லாம் பிறகுதான்.

இனி அளவு. இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின். இதை அளக்க இங்கே களப்பணியாளர்கள் கையில் குளோரோஸ்கோப் என்ற, நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் சின்னக் கருவி இருக்கும். அதில் ஆர்த்தோடொலுடின் என்ற திரவத்தை விட்டால் மஞ்சள் நிறம் வரும். நீங்கள் கொண்டுவருவது டி.பி.டி. மாத்திரையாக இருக்கும், அதில் நிறம் இளஞ்சிவப்பு. இரண்டின் எண்களையும் ஒரே அட்டவணையில் போட்டுவிடாதீர்கள். சாக்கடை நீர் கசிந்து அம்மோனியா சேர்ந்தால், குளோரின் அதோடு கூடி வலுவிழந்த குளோரமைனாக மாறிவிடும். ஆர்த்தோடொலுடின் அதையும் சேர்த்தே மஞ்சளாகக் காட்டும். தெருவே நாறும்போதுகூடச் சோதனை ‘நல்ல தண்ணி’ என்று சொல்வது இதனால்தான். டி.பி.டி. ‘நம்பர் 1’ மாத்திரையைப் போட்டு ஒரு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். தாமதித்தால் குளோரமைன் அதிலும் நிறம் ஏற்றும். மாத்திரையை விரலால் தொடாமல் குச்சியால் நசுக்குங்கள். குளோரின் மிக அதிகமாக இருந்தால் சிவப்பு வெளுத்துப்போய்ப் பூஜ்யம் போலத் தெரியும். சந்தேகம் வந்தால் தண்ணீரைப் பத்து மடங்கு நீர்க்கவைத்து மறுபடி பாருங்கள்.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் அடிபம்பு உள்ள வீடுகளில் ஒரு சங்கதி உண்டு. பம்பு காற்று வாங்கியிருந்தால் மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றித்தான் அடிப்பார்கள். அந்தத் தண்ணீர் நேற்றையது. ஆகவே முதல் குடத்தை விட்டுவிட்டு இரண்டாவதில் மாதிரி எடுங்கள். நேரடிக் குழாய் என்றால் இதற்கு நேர்மாறு: முதலில் வருவதை விடவே கூடாது. விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் ஊரில், காலியான குழாய்க்குள் வெளி அழுக்கு உறிஞ்சப்படும். வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு இழுத்தால் இன்னும் மோசம். திறந்ததும் ஒன்று, 15 நிமிடம் கழித்து ஒன்று எடுங்கள்.

குடத்தில் எடுக்கும்போது சுத்தமான பாட்டிலை உள்ளே விடாதீர்கள். அந்த வீட்டு டம்ளராலேயே மொண்டு தரச் சொல்லுங்கள். வாயில் போகிற தண்ணீர் அதுதான். நிரப்பிய நேரம், மூடி இருந்ததா, வெயில் பட்டதா, இவை மூன்றையும் குறியுங்கள். 50 வீடு, குழாயில் இரண்டு, குடத்தில் ஒன்று, மூன்று சுற்று என்றால் 450 மாத்திரை. மறுசோதனைக்கும் சேர்த்து 500 வாங்குங்கள்.

குளோரின் இல்லை என்றால் காவல் இல்லை என்றுதான் பொருள், கிருமி இருக்கிறது என்றல்ல. கிருமி பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பும் பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சக் குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்று, மோசமான தண்ணீருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

கேள்வித்தாளைத் தமிழ் தெரிந்தவர் மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, பேட்டைத் தமிழ் தெரிந்தவர் பார்க்க வேண்டும். ‘பேதி ஆனதா?’ என்று கேட்டால், குழந்தைக்குப் பேதிக்குக் கொடுத்த கணக்கையும் சேர்த்துச் சொல்வார்கள். “ரெண்டு வாரத்துல புள்ளைக்கு வயித்தால போச்சாக்கா? ஒரு நாள்ல மூணு வாட்டியோ அதுக்கு மேலயோ போச்சா?” என்று கேளுங்கள். “தண்ணிய காய்ச்சிக் குடிக்கிறீங்களா?” என்பது வீண் கேள்வி, யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். “குடிக்கிற தண்ணி எதுல இருக்குன்னு காட்டுறீங்களாக்கா?” என்றால் கேன், குடம், ஃபில்டர் எல்லாம் கண்ணுக்கு முன் வந்துவிடும்.

காசிமேட்டில் நாள்காட்டி வேறு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதற்குள் போனால் ஆண்களும் வீட்டில் இருப்பார்கள். தடை முடிந்தபின் விடியற்காலையில் கதவைத் தட்டிப் பயனில்லை. மீன் விற்கும் பெண்கள் ஏலத்துக்குப் போயிருப்பார்கள். மதியத்துக்கு மேல் போங்கள்.

வரிசையாக நாலைந்து வீட்டுக் குழாயில் பூஜ்யம் வந்தால், அறிக்கை எழுதி முடியும்வரை வைத்திருக்காதீர்கள். கதவு எண்ணை விட்டுவிட்டுத் தெருப் பெயரையும் நேரத்தையும் மட்டும் எழுதி, அன்றைக்கே மெட்ரோ வாட்டர் டிப்போவில் கொடுங்கள். அந்த வீட்டு அக்காவிடமும் அன்றே சொல்லுங்கள்.