உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க மூன்றரை மாதம்

2024 செப்டம்பர் 27ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, என் கம்பெனி ஓய்வூதியம் இரண்டு மாத நிலுவையோடு கணக்கில் வந்து விழுந்தது. மனைவியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொகையை இரண்டு முறை படித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். இதற்காக இரண்டு பேரும் எவ்வளவு தூக்கத்தைத் தொலைத்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். வெளிநாட்டில் இருந்தபடி பிரிட்டிஷ் ஓய்வூதியம் வாங்குகிற வேறு யாருக்கும் இந்தப் பாடு வரக்கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். 1984இல் லண்டனுக்குப் போய், ஓர் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பாமர்ஸ் கிரீனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சைப்ரஸ்காரர். அவர் ஊர் திரும்பிய பின் எங்களையும் அழைத்துக்கொண்டே இருந்தார். 2017இல் வந்து பார்த்தோம், பாஃபோஸ் நகரத்துக்கு மேலே மலைக் கிராமம் ஒன்றில் தங்கிவிட்டோம்.

ஊருக்கே திரும்பியிருக்கலாமே என்று உறவினர்கள் கேட்பார்கள். அதற்கு என் அண்ணனின் கதைதான் பதில். அவர் 2010இல் அரச ஓய்வூதியத்தோடு யாழ்ப்பாணம் திரும்பினார். அந்த ஆண்டு முழு அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 97.65 பவுண்டு. 14 ஆண்டுகள் கழிந்தும் அவருக்கு அதே 97.65தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும், பிரிட்டன் அதற்கென ஒப்பந்தம் செய்துகொண்ட சில நாடுகளிலும் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் ஆண்டுதோறும் உயர்வு. இலங்கை, இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் அந்தப் பட்டியலுக்கு வெளியே. அண்ணனைப் போலவே காப்புறுதிப் பணம் கட்டிய ஒருவர் சைப்ரஸில் இருந்தால் 2024இல் வாரத்துக்கு 169.50 பவுண்டு வாங்குவார். உழைப்பு ஒன்று, கட்டிய பணம் ஒன்று, முகவரிக்காக மட்டும் இப்படி வெட்டுவது பெரிய அநியாயம். ஓய்வு பெற்று இடம் மாறப் போகிறவர்கள் வீட்டு வாடகையை விசாரிப்பதற்கு முன்னால் இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

அரச ஓய்வூதியத்தில் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. அது யூரோவாக நேரே உள்ளூர் வங்கிக்கு வந்துவிடுகிறது. என்னை அலைக்கழித்தது பழைய கம்பெனியின் ஓய்வூதியத்தை நிர்வகிக்கும் நிறுவனம்.

அவர்களுடைய உயிர்வாழ் சான்றுப் படிவத்தில் மே 8 என்று தேதி. என் கைக்கு வந்தது ஜூன் 12. எங்கள் கிராமத்தில் தபால் வீட்டுக்கு வராது. ஊர் முகப்பில் வரிசையாக இருக்கும் இரும்புப் பெட்டிகளில் போட்டுவிட்டுப் போவார்கள், நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். படிவத்துக்குக் கெடு 60 நாள், அதுவும் கடிதத்தின் தேதியிலிருந்து. 35 நாள் வழியிலேயே போய்விட்டது. உறவினரல்லாத, பொறுப்பான பதவியில் உள்ள ஒருவர் என்னை நேரில் பார்த்துக் கையெழுத்திட்டு முத்திரை குத்த வேண்டும்: மருத்துவர், வழக்கறிஞர், வங்கி அதிகாரி, ஆசிரியர் என்று ஒரு பட்டியல்.

மருத்துவரிடம் போனேன். சாட்சி என்னை இரண்டு ஆண்டுகளாவது அறிந்தவராக இருக்க வேண்டும் என்று படிவத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை அவர்தான் காட்டினார். அவர் எங்கள் ஊருக்கு வந்தே எட்டு மாதம். பொய்க் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. வங்கியில்தான் மனம் நொந்தது. முன்பதிவு செய்து, மலையிலிருந்து காரில் இறங்கி, கடவுச்சீட்டு, குடியிருப்பு அட்டை, மின்சாரக் கட்டணச் சீட்டு எல்லாம் கொண்டுபோனேன். அந்தப் பெண் மூன்றையும் வாங்கிப் பிரதி எடுத்தார். அதன் பிறகுதான், இப்படிப் படிவங்களில் கையெழுத்திடக் கூடாது என்று தலைமையகத்தின் உத்தரவு இருக்கிறது என்றார். முன்பதிவுக்குத் தொலைபேசியில் பேசியபோதே காரணத்தைச் சொல்லியிருந்தேன். ஒரு வார்த்தை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காபிக் கடையில்தான் வழி பிறந்தது. அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் உள்ள பிரிட்டிஷ் ஓய்வூதியர்கள் ஏழெட்டுப் பேர் செவ்வாய் காலை அங்கே கூடுவோம். யார்க்‌ஷயரில் பஸ் ஓட்டியவர், வேல்ஸ் நாட்டுத் தாதி, ஸ்கொட்லாந்தின் பழைய இராணுவக்காரர், இவர்களோடு நாங்கள் இருவர். பேச்சு பெரும்பாலும் பணத்தைப் பற்றித்தான்: பவுண்டின் விலை, மின்கட்டணம், எந்தக் கடையில் தேயிலை மலிவு. ஒருவர் உள்ளே வந்ததும் மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உயிரோடுதானே?" வந்தவர், "முத்திரை இன்னும் கிடைக்கவில்லை" என்று பதில் சொல்ல வேண்டும். மேசையில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருக்கும். வந்தவர்கள் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வைப்பார்கள். யாராவது எப்போதாவது சந்தேகப்பட்டால் காட்ட ஓர் ஆவணம் இருக்கட்டும் என்று பஸ்காரர் தொடங்கி வைத்தது.

இந்தக் கூட்டம் உருவானது 2013 மார்ச்சில் என்பார்கள். அந்த மாதம் 16ஆம் தேதியிலிருந்து 27ஆம் தேதி வரை சைப்ரஸில் வங்கிகள் திறக்கவில்லை. மிகப் பெரிய இரண்டு வங்கிகளில் 100,000 யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்கள் பெரும் பங்கை இழந்தார்கள். எங்கள் பஸ்காரரின் மெத்தைக்கு அடியில் 600 யூரோ இருந்தது. "முப்பது வருடமாகக் கஞ்சன் என்று திட்டியவள் அன்றைக்குத்தான் என்னைத் தீர்க்கதரிசி என்றாள்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அந்த 600இலிருந்து எடுத்து நான்கு வீடுகளுக்கு அரிசி, பால், மருந்து வாங்கிக் கொடுத்ததை மட்டும் சொல்லமாட்டார். அதை எனக்குச் சொன்னது தாதி. அன்று முதல் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. வாரத்துக்கு ஆளுக்கு ஐந்து யூரோ. தேவைப்பட்டவர் எடுத்து, முடிந்தபோது திருப்பி வைப்பார்.

முக்தாரிடம் போ என்று அவர்கள்தான் சொன்னார்கள். சைப்ரஸ் கிராமங்களில் முக்தார் என்பவர் ஊர்த் தலைவர், எங்கள் ஊர் விதானையாரைப் போல. கையெழுத்தை உறுதிப்படுத்துவதும் ஊரில் இருப்பவரை இருக்கிறார் என்று எழுதிக் கொடுப்பதும் அவர் வேலை. திங்கட்கிழமை, ஜூன் 24, போனேன். கதவு பூட்டு. பெந்தகொஸ்தே திருநாளுக்கு மறுநாள், கட்டாக்ளிஸ்மோஸ் விடுமுறை. கடற்கரையில் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் நாள். சைப்ரஸில் ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டி பார்க்காமல் எந்த அலுவலகத்துக்கும் கிளம்பாதீர்கள். மறுநாள் முக்தார் இருந்தார். ஏழு ஆண்டுகளாக என்னைத் தெரிந்தவர். ஐந்தே நிமிடத்தில் கையெழுத்து, வட்ட முத்திரை, ஒரு கோப்பை காபி. பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஆகஸ்ட் மாதப் பணம் வரவில்லை. நான்கு நாள் கழித்து விளக்கக் கடிதம் வந்தது: முத்திரை ஆங்கிலத்தில் இல்லை, பெயர் பொருந்தவில்லை, எனவே பணம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

தொலைபேசியில் 47 நிமிடம் காத்திருந்தேன். பேசிய இளைஞர் முதலில் என் அடையாளத்தை உறுதிசெய்ய என் பிரிட்டன் கைப்பேசிக்கு ஓர் இரகசியக் குறியீடு அனுப்புவதாகச் சொன்னார். அந்தக் கைப்பேசி எண்ணை நான் பயன்படுத்தாமல் விட்டதில் அது எப்போதோ செத்துப் போயிருந்தது. இதை யாரும் செய்யாதீர்கள். மலிவான முன்கட்டணச் சிம் ஒன்றை வைத்துக்கொண்டு சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பி உயிரோடு வைத்திருங்கள். வங்கியும் ஓய்வூதிய நிறுவனமும் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன.

கடைசியில் பழைய முகவரிகளைச் சொல்லி அடையாளச் சோதனையைத் தாண்டினேன். பெயர்ச் சிக்கல் இதுதான். தமிழர்களுக்கு விளங்கும், மற்றவர்களுக்கு விளக்குவதுதான் கடினம். என் அப்பாவின் பெயர்தான் என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர். 1985இல் தொழிற்சாலையில் பதிந்தவர் அதை முதற்பெயராகவும் என் பெயரைக் குடும்பப் பெயராகவும் எழுதிவிட்டார். 32 ஆண்டுகள் சம்பளம் அப்படியே வந்தது. ஓய்வூதியமும் ஏழு ஆண்டுகள் அப்படியே வந்தது. இப்போது முக்தார் கடவுச்சீட்டைப் பார்த்துச் சரியான வரிசையில் எழுதியதும் நான் வேறு ஆளாகிவிட்டேன். அந்த இளைஞர் சொன்னதை மறக்க முடியவில்லை: "ஒருவர் உயிரோடு இருப்பது தெரிகிறது. அவர்தான் எங்கள் உறுப்பினரா என்பதுதான் தெரியவில்லை."

அன்று இரவு மனைவிக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அந்தப் பணத்தில்தான் வாடகை கட்டுகிறோம்.

செவ்வாய்க்கிழமை இதைச் சொன்னபோது கடையில் யாரும் பேசவில்லை. தாதி எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் நின்றார். பிறகு கொப்பியை இழுத்து என் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதினார்: "72. துடிப்பும் சரி, ஆளும் சரி." எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் முதல் முறையாக நானும் சிரித்தேன். பஸ்காரர் டப்பாவைத் திறந்து 300 யூரோவை எண்ணி ஒரு பழுப்பு உறையில் போட்டார். மேலே பெரிய எழுத்தில், "காலஞ்சென்றவரின் குடும்பத்தாருக்கு" என்று எழுதி என் சட்டைப் பையில் செருகினார். கடன் வாங்குகிறோம் என்ற கூச்சமே எனக்கு வரவில்லை. மனிதரின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே பணம் கொடுக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. மனைவி சேலைப் பெட்டியின் அடியிலிருந்து 1985ஆம் ஆண்டு வேலைக் கடிதத்தைத் தேடி எடுத்தாள். பெயர் தலைகீழாக இருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. பாஃபோஸ் மாவட்ட நீதிமன்றப் பதிவாளர் முன்னிலையில் இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்தேன். ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டி ஊரே மூடிக் கிடந்ததில் அதற்கு இரண்டு வாரம் தள்ளிப்போனது.

புதிய படிவத்தோடு மறுபடி முக்தாரிடம் போய், முத்திரை ஆங்கிலத்தில் வேண்டுமாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்து வேறொரு முத்திரையை எடுத்தார். ஆங்கில முத்திரை. மையில் ஒற்றி, படிவத்தில் அழுத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். நான் கேட்கவில்லை என்பதால் முதல் முறை அதை எடுக்கவில்லையாம். அந்த ஒரு கேள்வியை ஜூனில் கேட்டிருந்தால் முத்திரைச் சிக்கலாவது வந்திருக்காது. முத்திரை குத்தும் எவரிடமும் ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் நிறுவனம் வைத்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னொன்று, மிக முக்கியமானது. அதுவரை நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் "தயவுசெய்து" என்று தொடங்கின. தாதி அதை வாங்கிப் படித்துவிட்டு, இது முறையான புகார் என்று தலைப்பிலேயே எழுதச் சொன்னார். பிரிட்டனில் இத்தகைய கம்பெனி ஓய்வூதியத் திட்டங்களுக்குள் முறைப்படியான தகராறு தீர்க்கும் நடைமுறை ஒன்று இருக்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் ஓய்வூதியக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. இந்த இரண்டையும் குறிப்பிட்டு, ஆவணங்களை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினேன். மின்னஞ்சலில் அனுப்பலாம் என்பதே மூன்றாவது தொலைபேசி அழைப்பில்தான் எனக்குத் தெரியவந்தது. ஒன்பதாம் நாள் பெண் அதிகாரி ஒருவர் தானாகவே அழைத்து மன்னிப்புக் கேட்டார். பெயர் திருத்தப்பட்டது.

செத்தவர் பெயரில் யாரோ பணம் வாங்காமல் தடுக்கச் சான்று கேட்பது நியாயம்தான். ஆனால், ஒரு கேள்வி எழுந்ததும் முதலில் பணத்தை நிறுத்திவிட்டுப் பிறகு விசாரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 70 வயதுக்காரர் வீட்டில் இரண்டு மாதம் அந்த வருமானம் இல்லை என்றால் என்ன ஆகும் என்று அங்கே ஒருவராவது யோசித்திருக்க வேண்டும்.

அக்டோபர் முதல் செவ்வாய்க்கிழமை 300 யூரோவை அதே உறையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். பஸ்காரர் பணத்தை டப்பாவில் கொட்டிவிட்டு, உறையைக் கசக்காமல் நீவி அதன் மேலேயே வைத்தார். "எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, அடுத்தவருக்கும் உதவும்" என்றார். இராணுவக்காரர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய படிவம் முந்தின நாள்தான் பெட்டிக்கு வந்திருந்தது. நாளை காலை ஒன்பது மணிக்கு முக்தாரிடம் அவரை நான்தான் கூட்டிப்போகிறேன். விடுமுறை இல்லை, பார்த்துவிட்டேன்.